இலங்கைக் காரீயம்

எங்கள் பக்கத்தில் நூலை யாரும் இழை இழையாக நிறுத்துப் பார்ப்பதில்லை. அருப்புக்கோட்டை நெசவாளி ஒருவரிடம் போய், "இந்த ஓர் இழை என்ன எடை இருக்கும்?" என்று கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர் என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு ராத்தலுக்கு நாற்பது சிட்டம் நின்றால் அது நாற்பதாம் நம்பர்; எண்பது சிட்டம் நின்றால் எண்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் சன்னம். ஒற்றை இழையைத் தட்டில் வைத்தால் தராசு முள் அசையாது. நீளம் தெரிந்த ஒரு கட்டை வைத்து நிறுத்துவிட்டாலோ, இழையின் யோக்கியதை முழுவதும் வெளியே வந்துவிடுகிறது.

ரசாயனக்காரர்கள் செய்ததும் இதுவேதான். அணுவை வைத்து நிறுக்கக் கடைத் தராசு கிடையாது. ஆகையால் அணுக்களையும் சிட்டமாகக் கட்டினார்கள். அந்தச் சிட்டத்துக்கு 'மோல்' என்று பெயர். ஆறு என்று எழுதி அதன் பின்னால் இருபத்துமூன்று பூஜ்யம் போட்டால் வருகிற எண்ணிக்கைக்குச் சற்றே அதிகமான அணுக்கள் ஒரு மோல். அத்தனை கரி அணுக்களை நிறுத்தால் 12 கிராம். பிராணவாயு அணுக்களானால் 16 கிராம். காரீய அணுக்களானால் 207.2 கிராம். இதைத்தான் இன்றைய பாடப் புத்தகம் 'மோலார் நிறை' என்கிறது. பழைய புத்தகங்களில் 'கிராம் அணு எடை' என்று இருக்கும். 414.4 கிராம் காரீயத்தில் எத்தனை மோல் என்று பரீட்சையில் கேட்டால், 207.2-ஆல் வகுத்து இரண்டு என்று எழுதிவிட்டு வரலாம். முழு மதிப்பெண் கிடைக்கும்.

அந்த 207.2 எங்கிருந்து வந்தது என்பதுதான் என் விஷயம். எனக்குக் கல்லூரிப் படிப்பு கொஞ்சம்தான். ரசாயன சாஸ்திரி என்று யாரும் என்னைத் தவறாக எண்ணிவிட வேண்டாம். ஆனால் இந்த ஓர் எண்ணின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் நம்மவர் ஒருவரும் வருகிறார். கதை எழுதுகிறவனுக்கு அது போதாதா?

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் சொல்வது ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் ஈயம் அல்ல. அது வெள்ளீயம், வேறு வஸ்து. இது காரீயம், கறுப்பு, கனம், விஷம். கடைக்காரர் வைத்திருக்கும் இரும்பு எடைக்கல்லைப் புரட்டிப் பாருங்கள். ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் காரீயத்தை விட்டு எடையைச் சரிக்கட்டி, அதன்மேல் அரசாங்க முத்திரையை அடித்திருப்பார்கள். ஊரிலுள்ள எடைகளையெல்லாம் சரிக்கட்டுகிற உலோகம் அது. அதன் சொந்த எடையே ஊருக்கு ஊர் வேறு என்று ஒரு நாள் தெரிந்தது!

என் தம்பி மகள் திருச்சுழியில் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் ஒரு தடவை கேட்டாள்: "பெரியப்பா, அணு என்றால் முழுசாகத்தானே இருக்கும்? குளோரினுக்கு மட்டும் ஏன் முப்பத்தைந்தரை? அரை அணு ஒட்டிக்கொண்டிருக்குமா?" நல்ல கேள்வி. இதே கேள்வியை ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் நூறு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மான்செஸ்டரில் பள்ளி வாத்தியாராக இருந்த ஜான் டால்ட்டன் 1803-இல் முதல் அட்டவணையைப் போட்டார். ஜலவாயுவாகிய ஹைட்ரஜனை ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்றவை அதைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கிட்டார். தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, பிராணவாயு ஒன்று என்று அவர் நினைத்ததால் பிராணவாயு ஏழில் வந்து நின்றது. இரண்டுக்கு ஒன்று என்பது தெளிந்து, எல்லோரும் ஒரே கணக்குக்கு வர 1860 ஆயிற்று. அந்த வருஷம் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் மகாநாடு கூடி, இத்தாலியரான கன்னிஸ்ஸாரோவின் கணக்கைக் கேட்டுவிட்டுக் கலைந்தார்கள். நடுவில் 1815 வாக்கில் லண்டனில் வில்லியம் பிரவுட் என்ற வைத்தியர், எல்லாத் தனிமங்களும் ஹைட்ரஜனின் முழு மடங்குகள்தான் என்று ஒரு யோசனை சொன்னார். அழகான யோசனை. குளோரினின் 35.5 அதைக் கவிழ்த்துவிட்டது. பெல்ஜியத்தில் ஷான் ஸ்தாஸ் என்பவர் வருஷக்கணக்கில் நிறுத்து நிறுத்துப் பார்த்து, அரை அரைதான், முழு எண்ணாகாது என்று தீர்ப்பளித்தார். அதோடு ஒரு நம்பிக்கை மட்டும் கெட்டிப்பட்டது. எண் முழுசோ அரையோ, ஒரு தனிமத்துக்கு எடை ஒன்றுதான். அது உலகெங்கும் மாறாது.

அந்த நம்பிக்கையைத் தராசில் வைத்துப் பார்த்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தியோடர் ரிச்சர்ட்ஸ். இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். இருபதுக்கு மேற்பட்ட தனிமங்களின் அணு எடையை அவரே நிறுத்துத் திருத்தியவர். மாறாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, பார்த்தால் என்ன என்று ஜெர்மனியிலிருந்து தாமிரம் தருவித்தார். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்தும் தருவித்தார். இரண்டும் ஒரே எடை. வெர்மாண்ட் சலவைக்கல்லிலிருந்தும் இத்தாலிச் சலவைக்கல்லிலிருந்தும் கால்சியம் எடுத்தார். அதுவும் ஒரே எடை. நம்பிக்கைக்கு வெற்றி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அவர் கேட்டுப் பார்க்காத கல் ஒன்று அப்போது இலங்கையில் மண்ணுக்குள் கிடந்தது.

பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்த காலத்தை வாசகர்களில் பலர் கண்டிருப்பார்கள். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிக்கொண்டு போவார்களே, அது. அந்த விளக்கின் உயிர் உள்ளே தொங்கிய வெள்ளைப் பை, மேண்டில். அந்தப் பையைத் தோரியம் என்ற உலோகத்தின் உப்பில் தோய்த்து எடுப்பார்கள். முதல் தடவை கொளுத்தியதும் நூல் எரிந்துபோகும். தோரிய ஆக்ஸைடு கூடாக நின்று வெளிச்சம் வீசும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரத் தெருக்களெல்லாம் வாயு விளக்கில், இந்த மேண்டிலை நம்பி இருந்தன. ஆகையால் தோரியம் எங்கே கிடைக்கும் என்று உலகமே தேடியது.

1903-இல் இலங்கையின் கனிமங்களை ஆராய ஒரு இலாகா ஏற்பட்டது. அதற்குத் தலைவராக வந்தவருக்கு வயது இருபத்தாறு. பெயர் ஆனந்த குமாரசாமி.

ஆமாம், அதே ஆனந்த குமாரசாமிதான். நடராஜ வடிவத்தின் அர்த்தத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர். பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் முதலில் கல் பார்க்கிறவராக இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தகப்பனார் சர் முத்துக்குமாரசாமி கொழும்பில் பிரபல வக்கீல், சட்டசபை அங்கத்தினர்; பொன்னம்பலம் ராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் மாமன். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலீஷ் மாது. பிள்ளை பிறந்தது 1877 ஆகஸ்டில். இரண்டு வயது நிரம்புவதற்குள் தகப்பனார் போய்விட்டார். எங்கள் திருச்சுழியில் ரமணர் பிறந்ததும் அந்த 1879-இல்தான். குழந்தை தாயாருடன் இங்கிலாந்திலேயே வளர்ந்தது. லண்டன் யூனிவர்ஸிட்டி கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரமும் தாவர சாஸ்திரமும் படித்தது. பிற்பாடு லண்டன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்ததும் இலங்கைக் கனிமங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகத்தான். கல்லைத் தேடி மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனபோதுதான், சிங்களக் கிராமங்களில் கைத்தொழில்கள் அழிந்துகொண்டிருப்பதைக் கண்ணால் கண்டார். கல் பார்க்க வந்தவர் கலையைப் பார்த்துவிட்டார். நமக்கு அது லாபம். ஆனால் அவர் பார்த்த கல்லையும் நாம் மறந்திருக்க வேண்டியதில்லை.

சபரகமுவ மாகாணத்தில் பலாங்கொடைப் பக்கம் ரத்தினக் கற்களுக்காகச் சரளை மண்ணைத் தோண்டி அலசுவார்கள். அந்தச் சரளைக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயர். தமிழ் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். கூடையில் அலசும்போது கடைசியில் தங்குகிற கனமான மண்டியில் சிறுசிறு கறுப்புச் சதுரக் கட்டிகள் கிடந்தன. இவற்றை 1904-இல் குமாரசாமி உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். யுரேனியக் கனிமம் என்று அவருக்குத் தோன்றிற்று. லண்டனில் வின்தம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, உள்ளே யுரேனியமும் இருந்தது, அதைவிட மிக அதிகமாகத் தோரியம் இருந்தது. புதுக் கனிமம்! 'தோரியனைட்' என்று பெயர் வைத்தார்கள். மேண்டில் வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். விஞ்ஞானிகளுக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் காத்திருந்தது.

லண்டனில் சர் வில்லியம் ராம்ஸேயின் ஆய்வுக்கூடத்துக்கு அப்போது ஆட்டோ ஹான் என்ற ஜெர்மன் வாலிபர் வந்து சேர்ந்தார். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளத்தான் வந்தார். ராம்ஸே அவர் கையில் ஒரு தட்டு வெள்ளை உப்பைக் கொடுத்தார். இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்தது. அதில் மிகச் சிறிதளவு ரேடியம் கலந்திருந்தது. "இதிலுள்ள ரேடியத்தைப் பிரித்து அதன் அணு எடையைக் கண்டுபிடியும்" என்பது உத்தரவு. மேரி கியூரி 1902-இல் ரேடியத்துக்கு 225 என்று சொல்லியிருந்தார்; அதைச் சரிபார்க்க வேண்டும். ஹான் எடை பார்க்கப் போய், எதிர்பாராத ஒன்றைக் கண்டார். அந்த உப்பில் தோரியத்தைவிடப் பல மடங்கு வீரியமாகக் கதிர் வீசுகிற ஏதோ ஒன்று இருந்தது. 1905-இல் அதற்கு ரேடியோ தோரியம் என்று பெயர் வைத்தார். தோரியத்தோடு அதைக் கலந்துவிட்டால் மறுபடி பிரிக்கவே முடியவில்லை. எத்தனையோ பேர் முயன்றார்கள். முடியாததற்குக் காரணம் பின்னால் விளங்கிற்று: அதுவும் தோரியமேதான். ரசாயனத்தில் அச்சாக ஒன்று. எடையில் மட்டும் வேறு. ஒன்று 232, மற்றது 228. இந்த ஹான்தான் 1938-இல் யுரேனிய அணு பிளப்பதைக் கண்டு, அணுகுண்டுக்கு வழி திறந்துவிட்டவர். அது வேறு கதை. நல்ல கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே தனிமம், இரண்டு எடை. கிளாஸ்கோவில் ஃப்ரெடரிக் ஸாடி 1913-இல் இதைத் துணிந்து சொன்னார். இப்படிப்பட்ட இரட்டைகளுக்கு 'ஐஸோடோப்' என்று கிரேக்கத்தில் பெயர் சூட்டியவர் மார்கரெட் டாட் என்ற பெண் டாக்டர். சொல்லிவிட்டால் போதுமா? எடைபோட்டுக் காட்ட வேண்டுமே. ஸாடி ஒரு கணக்குப் போட்டார். இந்தக் கணக்கு நம் வீட்டுப் பிள்ளைகளும் போடக்கூடியதுதான். யுரேனியத்தின் எடை 238. அது சிதையும்போது 4 எடையுள்ள ஹீலியத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டே போகிறது. எட்டு எறிந்தபின் ஓய்கிறது. எட்டு நான்கு முப்பத்திரண்டு, மீதி 206. தோரியத்தின் எடை 232. அது ஆறு எறிகிறது. ஆறு நான்கு இருபத்துநான்கு, மீதி 208. இரண்டும் கடைசியில் போய் நிற்பது காரீயத்தில். அப்படியானால் யுரேனியம் பெற்ற காரீயம் 206, தோரியம் பெற்ற காரீயம் 208, கடையில் வாங்குகிற காரீயம் 207 சொச்சம்! பிறந்த வீடு வேறானால் எடையும் வேறாக வேண்டும்.

தோரியம் பெற்ற காரீயத்துக்கு எங்கே போவது? மறுபடியும் இலங்கைதான். அங்கே தோரைட் என்று இன்னொரு கல் உண்டு. அதில் தோரியம் நிறைய, யுரேனியம் மிகக் கொஞ்சம். ஸாடி அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்துக் காரீயத்தைப் பிரித்தார்.

எடைபோடுவது எப்படி என்று கேட்கிறீர்களா? காரீயத்தைக் குளோரினோடு சேர்த்து உப்பாக்கி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தி நிறுப்பார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, எடை தெரிந்த வெள்ளியைத் திராவகமாக்கி அதில் விடுவார்கள். வெள்ளி குளோரினைப் பிடித்துக்கொண்டு தயிர்போல் கீழே இறங்கும். குளோரின் முழுவதும் தீர எத்தனை வெள்ளி பிடித்தது என்பதுதான் கேள்வி. காரீயத்தின் ஓர் அணுவோடு குளோரின் இரண்டு. ஆகவே வெள்ளியும் இரண்டு. வெள்ளியின் எடை 107.87, இரண்டுக்கு 215.74. குளோரின் 35.45, இரண்டுக்கு 70.9. சாதாரணக் காரீய உப்பு 2.7810 கிராம் எடுத்தால் 2.1574 கிராம் வெள்ளி செலவாகும். 2.7810-ஐ 2.1574-ஆல் வகுத்து 215.74-ஆல் பெருக்குங்கள்: 278.1. அதில் குளோரினின் 70.9-ஐக் கழியுங்கள்: 207.2. ஆயிற்று, காரீயத்தின் மோலார் நிறை.

இலங்கைத் தோரைட் காரீயத்தில் இதே 2.7810 கிராம் உப்பு எடுத்தால் வெள்ளி 2.1530 கிராம்தான் செலவாகும். வித்தியாசம் 4.4 மில்லிகிராம், ஒன்றிரண்டு கடுகின் எடை. உலகத்தின் நம்பிக்கை ஒன்று நிற்பதும் விழுவதும் அந்தக் கடுகில் இருந்தது. தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறதா, தெளிந்துவிட்டதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது என்பதற்காகவே ரிச்சர்ட்ஸ் ஒரு கருவி செய்து வைத்திருந்தார்.

1914-இல் முடிவுகள் வந்தன. கார்ல்ஸ்ரூவிலிருந்து (ஆமாம், மகாநாடு கூடிய அதே ஊர்) ஃபயான்ஸ் என்பவர் தம் மாணவர் லெம்பர்ட்டை ரிச்சர்ட்ஸிடம் அனுப்பிவைத்தார். இருவரும் சாதாரணக் காரீயத்தை நிறுத்தார்கள்: 207.15. வட கரோலினா யுரேனியக் கல்லின் காரீயம்: 206.40. இலங்கைத் தோரியனைட்டின் காரீயம்: 206.82. அதில் யுரேனியமும் கலந்திருப்பதால் எடை கீழே இறங்கிவிட்டது. ஹோனிக்ஷ்மிட்டும் ஸ்டெஃபனி ஹோரோவிட்ஸ் என்ற பெண்மணியும் தனியாக நிறுத்து இதையே கண்டார்கள். அந்த அம்மாள் பிற்காலத்தில், 1942-இல், ட்ரெப்ளிங்கா கொலைக்களத்தில் யூதர் என்பதற்காகக் கொல்லப்பட்டார். அணு எடைப் புத்தகங்களில் அவர் பெயர் எத்தனை காலம் இல்லாதிருந்தது!

ஸாடி தோரைட் காரீயத்துக்கு இன்னொரு சோதனையும் செய்தார். இரட்டை அணுக்கள் பருமனில் ஒன்று, எடையில் வேறு என்றால், ஒரே படியில் அளந்தால் ஒன்று கனமாக இருக்க வேண்டும் அல்லவா? 1915-இல் அப்படியே இருந்தது. இலங்கைக் காரீயம் சாதாரணக் காரீயத்தைவிட நூற்றுக்கு 0.26 பங்கு அதிக அடர்த்தி. அதிலிருந்து எடை 207.74 என்று கணக்கு வந்தது. அதே காரீயத்தை ஹோனிக்ஷ்மிட் வெள்ளி முறையில் நிறுத்தார்: 207.77. ஒரே தீவின் இரண்டு கற்கள்; ஒன்றின் காரீயம் கடைக் காரீயத்தைவிட லேசு, மற்றதன் காரீயம் கனம்.

ரிச்சர்ட்ஸுக்கு 1914-ஆம் வருஷத்து நோபெல் பரிசு கிடைத்தது. ரசாயனத்தில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர். அணு எடைகளைத் துல்லியமாக நிர்ணயித்ததற்காகப் பரிசு. அவை மாறாதவை என்று தாமிரத்திலும் சலவைக்கல்லிலும் பார்த்துப் பார்த்து உறுதி செய்த அதே கை, மாறும் என்பதையும் எழுதி அச்சுக்குக் கொடுத்தது. அவர் அந்த 206.82-ஐ ஏதோ அழுக்கு என்று தள்ளியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் அவரைப் பிடிக்கும் என்றேனே, இதற்காகத்தான். ஸாடிக்கு 1921-ஆம் வருஷத்துப் பரிசு. குமாரசாமி அதற்குள் பாஸ்டனில் இருந்தார். ரிச்சர்ட்ஸின் ஹார்வர்டுக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஓர் ஆறுதான். இருவரும் சந்தித்தார்களா என்று எண்ணிப் பார்ப்பது கதாசிரியனின் ஆசை; அதற்கு மேல் நான் போகவில்லை.

என் தம்பி மகளின் குளோரினுக்கு விடை இதன் பிறகுதான் கிடைத்தது. பர்மிங்காமில் படித்து, கேம்பிரிட்ஜில் வேலை செய்த ஆஸ்டன் என்பவர் 1919-இல் அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி ஒன்றைக் கட்டினார். குளோரினில் 35 ஒரு ஜாதி, 37 ஒரு ஜாதி. ஏறத்தாழ நாலுக்கு மூன்று 35, ஒன்று 37. கிடையில் மூன்று ஆடு முப்பத்தைந்து கிலோ, ஓர் ஆடு முப்பத்தேழு கிலோ இருந்தால் தலைக்குச் சராசரி முப்பத்தைந்தரை. எந்த ஆடும் முப்பத்தைந்தரை இல்லை. "அப்படியானால் புத்தகத்தில் இருப்பது அணுவின் எடையே இல்லையா, பெரியப்பா?" என்றாள். ஆட்டின் எடை அல்ல, கிடையின் எடை என்றேன். குளோரின் கிடை அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே கலப்பாக இருக்கிறது. ஆகையால் எண் அவ்வளவாக மாறுவதில்லை. காரீயத்தின் கிடை அப்படி அல்ல. அதில் தோரியம், யுரேனியத்தின் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

1961-இல் அணு எடைக்கு அளவுகோலைப் பிராணவாயுவிலிருந்து கரிக்கு மாற்றினார்கள். 12 எடையுள்ள கரி அணுவே இன்று அடிப்படை. 2019 மே மாதத்திலிருந்து ஒரு மோலில் எத்தனை அணு என்ற எண்ணிக்கையையும் கடைசி இலக்கம் வரை சட்டமாக்கிவிட்டார்கள். ஆனால் காரீயத்துக்கு எதிர்த் திசையில் நடந்தது. 2021-இல் சர்வதேச ரசாயன சங்கம் அதன் ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு, 206.14 முதல் 207.94 வரை என்று ஓர் எல்லையைப் போட்டது. பள்ளிக்கூடக் கணக்குக்கு 207.2 போதும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் நிறுத்த தோரியனைட் காரீயம் 206.82, ஹோனிக்ஷ்மிட் நிறுத்த தோரைட் காரீயம் 207.77. பலாங்கொடைச் சரளையில் பிறந்ததும் அதன் கூடப் பிறந்ததும் இரண்டும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன.